வீட்டுப் பூனையின் மூளையும் காட்டு இனங்களின் மூளையும்: ஒப்பிட்டு அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2022-இல் ஒரு செய்தி பூனை வளர்ப்பவர்களிடையே வேகமாகப் பரவியது. மனிதனோடு ஒட்டி வாழ ஆரம்பித்தபின் பூனையின் மூளை சிறுத்துவிட்டதாம். வியன்னா பல்கலைக்கழகத்தினரும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகங்களைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. பலர் கவனிக்காமல் விட்ட விஷயம், அந்த ஆய்வில் யாரும் ஒரு மூளையைக்கூடத் தொடவில்லை என்பது. அளந்தது மண்டையோட்டின் உட்குழிவை. அதுவும் 1960, 70களில் வெளியான பழைய முடிவுகள் இன்றைக்கும் நிற்குமா என்று பார்ப்பதற்காக. நின்றன.

பூனை மூளைகளை ஒப்பிடுவது கேட்பதற்கு எளிது. இரண்டை எடு, அளந்து பார், எது பெரிது என்று சொல். ஆனால் எந்த இனத்தோடு ஒப்பிடுகிறோம், உடல் அளவை எப்படிக் கழிக்கிறோம், எங்கே கோடு கிழித்துப் பகுதி பிரிக்கிறோம் என்ற மூன்று முடிவுகளில் ஒன்று மாறினாலும் விடை தலைகீழாகிவிடும். விலங்கியல், கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களையும், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எடைபோட விரும்பும் ஆர்வலர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வி எது என்று முடிவு செய்யுங்கள்

இதில் இரண்டு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வீட்டுப் பூனையாக மாறியதால் மூளையில் என்ன மாறியது? மற்றது, பூனைக் குடும்பத்தின் வெவ்வேறு இனங்களில், அதாவது சிங்கம், சிறுத்தை (leopard), சிவிங்கிப்புலி (cheetah), பியூமா என்று, வாழும் முறைக்கேற்ப மூளை எப்படி வேறுபடுகிறது?

முதல் கேள்விக்கு வீட்டுப் பூனையையும் புலியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மரபணுக் கணக்கின்படி புலி, சிங்கம் அடங்கிய கிளை மற்ற பூனைகளிலிருந்து பிரிந்து ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பூனை மனிதனோடு பழகியதோ நேற்று நடந்த கதை. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனை சுமார் 9,500 ஆண்டு பழமையானது, அவ்வளவுதான். புலிக்கும் பூனைக்கும் இடையிலான வேறுபாட்டில் வீட்டு வாழ்க்கையின் பங்கைப் பிரித்தெடுக்கவே முடியாது.

படி 2: சரியான இனம், சரியான பூனை

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்க வனப்பூனை. பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்வது. 2007-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு இதை உறுதிசெய்தது. அதற்கு முன் பலர் ஐரோப்பிய வனப்பூனையை மூதாதையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஐரோப்பியது மூதாதைக்குச் சகோதரம்தான், மூதாதை அல்ல. 2022 ஆய்வின் பலமே, இரண்டு வனப்பூனைகளையும் வைத்து ஒப்பிட்டதுதான். வீட்டுப் பூனையின் மண்டைக் கொள்ளளவு இரண்டையும்விடக் குறைவாகவே வந்தது.

அதே ஆய்வில் அண்ணத்தின் நீளத்தையும் அளந்தார்கள். வீட்டுப் பூனையின் அண்ணம் ஐரோப்பிய வனப்பூனையுடையதைவிடக் குட்டை, ஆனால் ஆப்பிரிக்க வனப்பூனையுடையதைவிட நீளம். வீட்டு விலங்காக மாறினால் மூஞ்சி குட்டையாகும் என்பது பரவலான நம்பிக்கை. ஐரோப்பியப் பூனையை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் "ஆமாம், குட்டையாகிவிட்டது" என்று எழுதியிருப்போம். உண்மையான மூதாதையோடு வைத்தால் நேர் எதிர்! தவறான இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு வயல்வெளிகளில் நாம் காணும் நெட்டைக் கால், குட்டை வால் காட்டுப்பூனையும் வீட்டுப் பூனையின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மூதாதை அல்ல, தூரத்து உறவு. இந்தியாவுக்குள்ளேயே நெருங்கிய உறவு வேண்டுமென்றால் ராஜஸ்தான், கட்ச் பாலை நிலத்தில் புள்ளிகளோடு திரியும் ஆசிய வனப்பூனையைத்தான் பார்க்க வேண்டும். மூதாதை இனத்தின் கிழக்குக் கிளை அது.

அப்புறம், கலப்பினச் சிக்கல். ஸ்காட்லாந்தில் வனப்பூனையும் வீட்டுப் பூனையும் பல தலைமுறைகளாகக் கலந்துவிட்டன. அவற்றின் மண்டைக் கொள்ளளவு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பெட்டியில் "வனப்பூனை" என்று சீட்டு ஒட்டியிருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ரோமக் கோலமோ மரபணுச் சோதனையோ இனத்தை உறுதிசெய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுப் பூனையிலும் தேர்வு வேண்டும். பெர்சியன் போன்ற தட்டை முக இனங்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் மண்டைக்குழியின் வடிவமே மாறிப்போயிருக்கும். மூளைக்குள் நீர் கோப்பதும், சிறுமூளை பின்புறத் துளை வழியாகப் பிதுங்குவதும்கூட அவற்றில் உண்டு. சாதாரணத் தெருப்பூனைதான் இந்த வேலைக்கு உத்தமம்.

படி 3: மண்டையோடு எங்கே கிடைக்கும், எதைத் தொடக் கூடாது

காட்டில் கிடந்தது என்று ஒரு சிறுத்தை மண்டையோட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கு இறந்து கிடந்தாலும் அது அரசின் சொத்து. ஆராய்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது, எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இலங்கையிலும் சிறுத்தை, மீன்பிடிப் பூனை போன்றவை சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

நேர்வழிகள் இருக்கின்றன. வீட்டுப் பூனைக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையை அணுகலாம். காட்டு இனங்களுக்கு அருங்காட்சியகச் சேகரிப்புகளும், கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும் உண்டு. அதைவிட எளிது கணினித் திரை. மார்போசோர்ஸ், டிஜிமார்ஃப் ஆகிய இணையச் சேமிப்பகங்களில் பூனைக் குடும்ப மண்டையோடுகளின் சி.டி. ஸ்கேன்கள் உள்ளன. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு தொடர்புடைய ஒப்பீட்டு மூளைச் சேகரிப்பின் இணையதளத்தில் சிங்கம், வீட்டுப் பூனை ஆகியவற்றின் மூளைப் படங்களையும் சாயமேற்றிய வெட்டுகளையும் பார்க்கலாம். ஆரம்பிப்பவர்களுக்கு இதுவே போதும்.

எந்த மண்டையோடானாலும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆணா பெண்ணா, வளர்ந்ததா குட்டியா, எங்கிருந்து வந்தது, காட்டில் வாழ்ந்ததா கூண்டிலா. கடைசி விவரம் ஏன் என்றால், மிருகக்காட்சிசாலைச் சிங்கங்களில் வைட்டமின் ஏ குறைபாட்டால் மண்டை எலும்பு தடித்து, உட்குழிவு நெருக்கப்பட்டு, சிறுமூளை பிதுங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஈரல் சேர்க்காமல் வெறும் தசையிறைச்சியே போட்டு வளர்ப்பது இதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட மண்டையை அளந்துவிட்டு "சிங்கத்தின் மூளை சிறியது" என்றால், நாம் அளந்தது தீவனத்தைத்தான்.

வயதைப் பார்க்க, மண்டையின் அடிப்புறத்தைத் திருப்புங்கள். தண்டுவடம் வெளியேறும் பெருந்துளைக்குச் சற்று முன்னால் குறுக்காக ஓடும் எலும்பு இணைப்பு மூடியிருக்க வேண்டும். நிலைத்த கோரைப்பற்கள் முழுதாக வெளிவந்திருக்க வேண்டும்.

படி 4: பூனை மூளையின் வரைபடம்

அளக்கும் முன் ஒரு பூனை மூளையை மேலிருந்து பார்க்கப் பழகுங்கள். முன்னால், வாசனைக்கு உரிய இரண்டு முகர்குமிழ்கள். பின்னால் இரண்டு அரைக்கோளங்களாகப் பெருமூளை. கடைசியில் சுருக்கம் சுருக்கமாகச் சிறுமூளை. அதன் அடியில் மூளைத்தண்டு.

பெருமூளையின் முன்பகுதியில், நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் குறுக்காகப் பிரியும் ஒரு சிறு பள்ளம் தெரியும். நடுப்பிளவோடு சேர்ந்து சிலுவை வடிவம் காட்டுவதால் அதற்குச் சிலுவைப் பள்ளம் என்று பெயர். உடலசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி இதைச் சுற்றித்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பின்னால் பகுதி பிரிக்கும்போது இதுதான் எல்லைக்கல். பக்கவாட்டில் பார்த்தால் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து ஓடும். பின்பக்க மேற்பகுதி பார்வைக்கு உரியது. 1950களின் கடைசியிலிருந்து நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெலும் வீஸலும் பூனையின் இந்தப் பகுதியில் செய்த சோதனைகள்தான் அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தன. பூனை மூளையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கு அந்தக் காலகட்ட ஆராய்ச்சிகள் பெரிய காரணம்.

சிங்கத்தின் மூளையை இதன் பக்கத்தில் வைத்தால் முக்கியப் பள்ளங்களின் அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருப்பது தெரியும். பெரிய மூளையில் துணை மடிப்புகள் கூடுதல், அவ்வளவுதான். ஒப்பிடுபவருக்கு இது பெரிய வசதி. ஒரே எல்லைக்கற்களை எல்லா இனத்திலும் பயன்படுத்தலாம்.

இன்னொரு வசதி எலும்பில் இருக்கிறது. பூனைக் குடும்பத்தில் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே எலும்பாலான தடுப்பு ஒன்று உண்டு. நம் மண்டைக்குள் அந்த இடத்தில் சவ்வு மட்டுமே. மூளை அழுகிப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், பெருமூளை எங்கே முடிந்தது, சிறுமூளை எங்கே தொடங்கியது என்பதை அந்த எலும்பு காட்டிக்கொடுக்கும். பெருந்துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், மேலிருந்து தொங்கும் தகடாகத் தெரியும்.

படி 5: கொள்ளளவை அளப்பது

கையால் அளக்கும் முறை பழையது, ஆனால் இன்றைக்கும் நம்பகமானது. கண் நரம்புத் துளைகள், மூக்குப் பக்கச் சல்லடை எலும்பு எல்லாவற்றையும் உள்ளே பொருள் ஒழுகாதபடி பஞ்சாலோ டேப்பாலோ அடையுங்கள். மண்டையோட்டைத் தலைகீழாகப் பிடித்து, பெருந்துளை வழியாக ஒரே அளவுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கொட்டுங்கள். மெதுவாகத் தட்டித் தட்டி, இனி இறங்காது என்ற நிலை வரும்வரை நிரப்புங்கள். அப்படியே அளவுக் குவளையில் கொட்டி, அதையும் அதே மாதிரி தட்டி, கன செ.மீ. கணக்கைப் படியுங்கள். மூன்று முறையாவது திரும்பச் செய்து சராசரி எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வரவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தட்டுவதில் ஒழுங்கில்லை.

கடுகைப் போட்டால் என்ன என்று தோன்றலாம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் மனித மண்டையோடுகளைக் கடுகு நிரப்பித்தான் அளந்தார். கடுகு ஒரே அளவில் இருக்காது, அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இடம் விடும். ஒரே மண்டையை இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வந்தது. பிறகு அவர் ஈயக் குண்டுகளுக்கு மாறினார். பூனை மண்டைக்கு ஈயம் வேண்டாம், எலும்பு மெல்லியது, பாரம் தாங்காமல் விரிசல் விடும்.

சி.டி. ஸ்கேன் இருந்தால் த்ரீ-டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் உட்குழிவை மட்டும் தனியாக நிரப்பி எடுக்கலாம். இப்படிக் கிடைப்பது மூளையின் உருவ அச்சு. ஊன் உண்ணும் விலங்குகளில் மூளை மண்டையை நன்றாக நிரப்பியிருப்பதால், எலும்பின் உட்பக்கத்தில் மடிப்புகளின் தடம் பதிந்திருக்கும். அச்சில் சிலுவைப் பள்ளம்கூடத் தெரியும்.

கொள்ளளவைக் கிராமாக மாற்ற, மூளைத் திசுவின் அடர்த்தியான சுமார் 1.036-ஆல் பெருக்கலாம். ஆனால் குழிவுக்குள் மூளை மட்டும் இல்லை, உறைகளும் இரத்த நாளங்களும் இடம் பிடிக்கின்றன. ஒரு இனத்தை மணியாலும் இன்னொன்றை ஃபார்மலினில் ஊறிய மூளையின் எடையாலும் அளந்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். ஃபார்மலினில் கிடந்த மூளையின் எடையும் பருமனும் நாளாக ஆக மாறிக்கொண்டே இருக்கும்.

படி 6: உடல் அளவைக் கழிப்பது

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

பெரிய உடலுக்குப் பெரிய மூளை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடல் இரட்டிப்பானால் மூளை இரட்டிப்பாகாது. ஹாரி ஜெரிசன் கொடுத்த பிரபலமான சூத்திரம் இது: உடல் எடையைக் கிராமில் எடுத்து, மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, 0.12-ஆல் பெருக்கினால் எதிர்பார்க்கும் மூளை எடை வரும். உண்மையான மூளை எடையை அதால் வகுத்தால் கிடைப்பது மூளை விகித எண்.

4 கிலோ பூனைக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்பார்ப்பு சுமார் 30 கிராம். உண்மையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். விகித எண் 1. சரி, அதே பூனை சோபாவில் படுத்துப் படுத்து 6 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். எதிர்பார்ப்பு 40 கிராமை நெருங்கும், விகித எண் 0.76-க்கு இறங்கிவிடும். மூளையில் ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல்கூடக் குறையவில்லை, தொப்பை மட்டும் கூடியிருக்கிறது. வீட்டுப் பூனையை வனப்பூனையோடு ஒப்பிடும்போது உடல் எடையை அப்படியே நம்பக் கூடாது என்பது இதனால்தான். 180 கிலோ சிங்கத்துக்கு இதே கணக்கைப் போட்டால் எதிர்பார்ப்பு சுமார் 383 கிராம். மூளை 240 கிராம் என்று எடுத்துக்கொண்டால் விகித எண் 0.63. இதை வைத்துச் சிங்கம் பூனையைவிட மட்டி என்று சொல்ல முடியுமா? சூத்திரம் பெரிய உடல்களுக்கு நியாயம் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உடல் எடைக்குப் பதிலாக மண்டையோட்டின் நீளத்தை எடுப்பது பழகிய மாற்றுவழி. 1969-இல் ஷாவென்பெர்க் என்பவர் ஒரு எளிய குறியீட்டைக் கொடுத்தார். மண்டையின் மொத்த நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து, கொள்ளளவால் (கன செ.மீ.) வகுக்க வேண்டும். 2.75-க்குக் கீழே வந்தால் ஐரோப்பிய வனப்பூனை, மேலே போனால் வீட்டுப் பூனை. ஒரு மண்டை 98 மி.மீ. நீளம், 39 கன செ.மீ. கொள்ளளவு என்றால் விடை 2.51, வனப்பூனைப் பக்கம். இன்னொன்று 92 மி.மீ., 29 கன செ.மீ. என்றால் 3.17, வீட்டுப் பூனை.

இதிலும் பொறி உண்டு. குட்டியின் மூளை சீக்கிரமே முழு அளவை நெருங்கிவிடும், மூஞ்சியும் தாடையும் அதற்குப் பிறகும் வளரும். மேலே சொன்ன அதே வீட்டுப் பூனை இளவயதில் 77 மி.மீ. நீளமும் 28.5 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டிருந்தால் விடை 2.70. ஊர்ப் பூனைக் குட்டி வனப்பூனை ஆகிவிடும்! படி 3-இல் வயதைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் நுட்பமான ஒன்று, எந்தச் சரிவை, அதாவது எந்த அடுக்கைப் பயன்படுத்துவது என்பது. மூன்றில் இரண்டு என்ற அடுக்கு வெவ்வேறு இனங்களை ஒப்பிடும்போது பொருந்துவது. ஒரே இனத்துக்குள், அல்லது மிக நெருங்கிய இரண்டுக்குள், உடல் பெருக்கும் அளவுக்கு மூளை பெருக்காது. அங்கே அடுக்கு கால் பங்கை ஒட்டித்தான் வரும். வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். வீட்டுப் பூனை 4 கிலோ, மூளை 29 கிராம். வனப்பூனை 5 கிலோ, மூளை 36 கிராம். மூன்றில் இரண்டு அடுக்கை வைத்து உடல் அளவைக் கழித்தால், வனப்பூனையின் மூளை 7 சதவீதம்தான் கூடுதல். கால் அடுக்கை வைத்தால் 17 சதவீதம். ஒரே தரவு, இரண்டு தலைப்புச் செய்தி. பன்றி, நாய் போன்ற வீட்டு விலங்குகளின் மூளைக் குறைவைப் பல ஆண்டுகள் அளந்த ஜெர்மானியர் டீட்டர் குருஸ்கா, இனத்துக்குள் பொருந்தும் சரிவையே பயன்படுத்தினார். வீட்டுப் பூனைக் கேள்விக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். எதை எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள்.

ஆண், பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள். ஆண் சிங்கம் பெண்ணைவிட மிகவும் கனம். மூளை அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

படி 7: பகுதி பிரித்து ஒப்பிடுவது

மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே பங்கீடு மாறியிருக்கலாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷர்லீன் சகாய் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இதை எப்படிச் செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி. 13 பூனை இனங்கள், 75 மண்டையோடுகள், எல்லாம் சி.டி. ஸ்கேன். சல்லடை எலும்பிலிருந்து சிலுவைப் பள்ளம் வரை முன் பெருமூளை, அங்கிருந்து எலும்புத் தடுப்பு வரை பின் பெருமூளை, அதற்குப் பின்னால் சிறுமூளையும் மூளைத்தண்டும் என்று பிரித்தார்கள். படி 4-இல் பார்த்த அதே எல்லைக்கற்கள்.

கூட்டமாக வாழும் விலங்குக்கு மூளை பெரிதாக இருக்கும் என்பது பிரபலமான கருத்து. பூனைகளில் மொத்த மூளை அளவு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. முன் பெருமூளையில் மட்டும் சமூக வாழ்க்கையோடு தொடர்பு தெரிந்தது. அதுவும் நேர்கோட்டில் இல்லை. சமூகப் பழக்கம் உள்ளவை என்று வகைப்படுத்திய இரண்டு இனங்களில் சிங்கத்துக்கு முன் பெருமூளையின் பங்கு எல்லா இனங்களிலும் அதிகம், சிவிங்கிப்புலிக்கு எல்லாவற்றிலும் குறைவு! தனியாகவே வாழும் சிறுத்தை, சிங்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காடு, மலையோரக் கிராமம், மும்பை போன்ற நகரத்தின் விளிம்பு என்று எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் விலங்கு அது. சூழலுக்கேற்ப வளைந்துகொடுக்கும் திறனும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பெண் சிங்கத்தின் முன் பெருமூளைப் பங்கு ஆணுடையதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. கூட்டத்தில் காலமெல்லாம் நிலைத்து வாழ்வது பெண்கள்தான், ஆண்கள் வந்து போகிறவர்கள். ஆணையும் பெண்ணையும் கலந்து சராசரி எடுத்திருந்தால் இது மறைந்தே போயிருக்கும்.

படி 8: செல் கணக்கு

பருமன் ஒன்றாக இருந்தாலும் நியூரான்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை எண்ண, பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசெலும் ராபர்ட்டோ லென்ட்டும் 2005-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பதப்படுத்திய மூளைத் திசுவை அரைத்து ரசம் மாதிரிக் கரைத்துவிடுவது. செல் சவ்வுகள் உடைந்து உட்கருக்கள் மட்டும் மிதக்கும். சாயமேற்றி, ஒரு சொட்டில் எத்தனை என்று எண்ணி, மொத்தத்துக்குக் கணக்கிட்டுவிடலாம். 2017-இல் இம்முறையில் வெளியான முடிவுப்படி, பூனையின் பெருமூளைப் புறணியில், அதாவது அதன் வெளியடுக்கில், சுமார் 25 கோடி நியூரான்கள், சிங்கத்துக்குச் சுமார் 54 கோடி. பழுப்புக் கரடியின் மூளை பூனையுடையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெரிது, ஆனால் புறணி நியூரான்கள் பூனையளவே. ஒவ்வொரு இனத்திலும் எண்ணப்பட்டவை ஓரிரு விலங்குகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

வீட்டுப் பூனைக் கேள்விக்கு இதைவிடக் கூர்மையான ஆய்வு ஒன்று 1993-இல் வந்தது. ராபர்ட் வில்லியம்ஸும் ஸ்பானிய ஆய்வாளர்களும் ஸ்பெயின் வனப்பூனையையும் வீட்டுப் பூனையையும் எடுத்து, விழித்திரையிலிருந்து, கண்ணின் செய்தியை வாங்கும் மூளைப் பகுதியான தலாமஸ் வரை செல் செல்லாக எண்ணினார்கள். விழித்திரையின் பரப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்களின் அடர்த்தி, பார்வையின் மையப் பகுதியில் வனப்பூனைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். மங்கிய ஒளிக்கான கோல் செல்கள் வீட்டுப் பூனையில் குறையவே இல்லை, சில இடங்களில் கூடுதல். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள் வனப்பூனையில் ஏறத்தாழ 70 சதவீதம் அதிகம், அந்தச் செய்தியை வாங்கும் தலாமஸ் பகுதியில் நியூரான்கள் சுமார் 50 சதவீதம் அதிகம். அதிலும் ஒரு வகைச் செல், ஆல்ஃபா செல், இரண்டு பூனைகளிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. அசைவைச் சட்டென்று பிடிப்பதில் பங்குள்ள பெரிய செல்கள் அவை.

வீட்டுப் பூனை தன் மூளையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழக்கவில்லை. பகலில் நுணுக்கமாகப் பார்க்கும் ஏற்பாடு மெலிந்திருக்கிறது, இருட்டில் பார்ப்பதும் அசைவைப் பிடிப்பதும் அப்படியே இருக்கின்றன. இரவில் சமையலறையில் எலி பிடிக்க அதுதானே வேண்டும்? செல்களின் அளவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எண்ணிக்கையில்தான். கருவில் நியூரான்கள் தேவைக்கு மேல் உருவாகி, ஒரு பங்கு தானாக மடிவது இயல்பு. அந்த மடிவின் அளவு கொஞ்சம் கூடினாலே குறுகிய காலத்தில் மூளை சிறுக்க முடியும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

படி 9: எழுதும்போது

பல இனங்களை ஒப்பிடும்போது, சாதாரணப் புள்ளியியல் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணும். புலியும் சிங்கமும் சிறுத்தையும் ஒரே கிளை என்பதால் அவை மூன்று தனிச் சாட்சிகள் அல்ல. வம்சமரத்தைக் கணக்கில் சேர்க்கும் பின்னடைவு (regression) முறை வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அதற்கான தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூளை, உடல் இரண்டையும் மடக்கை எடுத்த பின்னரே வரைபடத்தில் போடுங்கள்.

"மூளை சிறுத்தது" என்பதிலிருந்து "அறிவு மங்கியது" என்பதற்குத் தாவாதீர்கள். 2014-இல் வெளியான பூனை மரபணுத்தொகுதி ஆய்வில், வீட்டுப் பூனையில் தேர்வுக்கு உட்பட்டதாகத் தெரிந்த மரபணுக்களில் பயம், நினைவு, வெகுமதிக்குப் பழகுதல் ஆகியவற்றோடு தொடர்புடையவை இருந்தன. பயம் குறைவது ஒரு மாற்றம், முட்டாளாவது வேறு.

எல்லா வேறுபாட்டுக்கும் காரணம் கற்பிக்கவும் வேண்டாம். 2009-இல் சிங்கம், புலி மண்டையோடுகளைப் பெரும் எண்ணிக்கையில் அளந்த ஆய்வில், மண்டை நீளத்தோடு ஒப்பிட்டால் புலிக்குச் சிங்கம், சிறுத்தை, ஜாகுவார் மூன்றையும்விடப் பெரிய மூளை என்று தெரிந்தது. குஜராத்தின் கிர் காட்டில் எஞ்சியிருக்கும் ஆசியச் சிங்கத்துக்கோ ஆப்பிரிக்கச் சிங்கங்களைவிட மிகச் சிறியது. இன்று அழிந்துவிட்ட பாலி, ஜாவா புலிகளின் மூளை, பக்கத்திலேயே வாழும் சுமத்ரா, மலாயா புலிகளுடையதைவிடப் பெரியது. வேட்டை, வாழிடம், பழக்கம் என்று எதை வைத்துப் பார்த்தும் இந்த வரிசைக்கு விளக்கம் பொருந்தவில்லை. வம்சாவளியில் தற்செயலாக நேர்ந்த வேறுபாடாக இருக்கலாம் என்றே அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.